திரும்பிப் போன முடி

செத்தவர்களுக்கு வேர்ப்பதில்லை. ஆகவே செத்தவர்களின் தலைமுடி திரும்பிப் போவதும் இல்லை. இரும்புச் சீப்பை அடுப்பில் காய்ச்சி ஒருமுறை இழுத்துவிட்டால், அந்த நேர்த்தி மண்ணுக்குள் போகிறவரை நிற்கும். பாடெல்லாம் உயிரோடு இருக்கிற பெண்களுக்குத்தான். கொஞ்சம் வேர்வை, கொஞ்சம் நீராவி, ஒரு சொட்டு மழை போதும். அரைநாள் உட்கார்ந்து, காதைச் சுட்டுக்கொண்டு நேராக்கிய முடி, பிடரியில் ஆரம்பித்துச் சுருண்டு சுருண்டு வேருக்கே ஏறிவிடும். தெற்குக் கடலோர மோபீல் நகரத்துக் கறுப்புப் பெண்கள் அதைத்தான் 'திரும்பிப் போயிடுச்சு' என்பார்கள். குடியை விட்ட அண்ணன் மறுபடி குடிக்கப் போனதைச் சொல்கிற அதே குரலில் சொல்வார்கள்.

அதனால்தான், புதன்கிழமை காலையில் லின்வுட் பெட்டவே போன் செய்து, "டீலி, ஒரு நடை வந்துட்டுப் போறியா? உங்க அம்மா முடி திரும்பிப் போயிருக்கு" என்று சொன்னபோது டீலி என்கிற ஆர்டீலியாவுக்கு அழுகை வரவில்லை, கோபம் வந்தது. லின்வுட் இறுதிச்சடங்கு இல்லம் நடத்துகிறவர். அவருடைய அப்பாவும் அதே இடத்தில் அதையேதான் நடத்தினார். அங்கே வருகிற பெண்களின் தலைகளை வாரிவிடுவது பல வருஷமாக டீலியின் வேலை. ஒரு தலைகூட அவளை இப்படி ஏமாற்றியது கிடையாது.

"ஏ.சி.ய நிறுத்தினீங்களா?" என்று போனதும் போகாததுமாகக் கேட்டாள்.

"நிறுத்தினா என்ன ஆகும்னு எனக்குத் தெரியாதா? அங்க போய் நில்லு, பல்லு தந்தியடிக்கும்."

உண்மைதான். அறை எலும்பு வரைக்கும் குளிர்ந்து உலர்ந்து கிடந்தது. அம்மா வெள்ளைத் துணிக்குக் கீழே மேசையில் படுத்திருந்தாள். செவ்வாய்க்கிழமை டீலி நேராக வாரி, நெற்றிக்கு மேலே ஒரு மடிப்பு வைத்து, பக்கங்களைக் காதுக்குப் பின்னால் ஒதுக்கிவிட்டுப் போன முடி முழுக்க எழுந்து நின்றது. தும்பைப்பூ வெள்ளை. ஒவ்வோர் இழையும் தன் போக்கில் சுருண்டு, தலையைச் சுற்றி ஒரு கையகலத்துக்கு நிறைந்திருந்தது.

டீலி அந்த முடியை அப்படிப் பார்த்ததே இல்லை. நாற்பத்தாறு வயது வரைக்கும், அம்மாவோடு ஒரே தெருவில், பாதி நாள் ஒரே வீட்டில் வாழ்ந்தும் பார்த்ததில்லை. அம்மா விடிவதற்கு முன்னால் எழுந்து கதவைச் சாத்திக்கொண்டு சீப்பைக் காய்ச்சுகிறவள். தேவாலயத்தில் வெள்ளைச் சீருடையும் வெள்ளைக் கையுறையும் போட்டு ஆட்களை இருக்கையில் உட்காரவைக்கிற பெண்களுக்கெல்லாம் தலைவி அவள். ஊர் மிஸ் ஓஸி என்று கூப்பிட்ட அவள் தலையில் ஓர் இழை தூக்கி நின்றதாக எதிரிகூடச் சொன்னதில்லை. வானத்தில் ஓர் இடி உறுமினால் போதும், கையில் கிடைத்ததைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு ஓடுவாள். செய்தித்தாள், முறம் மாதிரி ஒரு தட்டு, ஒருமுறை வேறெதுவும் கிடைக்காமல் பாஸ்டரின் பைபிள். கடவுள் புரிந்துகொள்வார் என்றாள். கூப்பிடு தூரத்தில் கடல் இருந்தும் அவளும் நனைந்ததில்லை, இரண்டு மகள்களையும் நனையவிட்டதில்லை. "தலையை மூடு! திரும்பிப் போக விடாதே!" இதுதான் அந்த வீட்டில் காலை மாலை வேதம்.

பக்கவாதம் வந்து ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, வாய் ஒரு பக்கம் இழுத்துக்கொண்ட பிறகும், அம்மா டீலியின் கையைத் தன் தலைக்கு இழுத்துக்கொண்டு போய் அதையேதான் சொன்னாள். அதுதான் கடைசிப் பேச்சு. அதை நிறைவேற்ற வேண்டும் என்கிற ஒன்றைத் தவிர டீலிக்கு வேறு எண்ணமே இல்லை. சனிக்கிழமை ஊர் கூடிப் பார்க்கும்போது அம்மா அம்மாவாக இருக்க வேண்டும்.

"யாரோ தண்ணி தெளிச்சிருக்காங்க" என்றாள்.

"இங்க யாரு தெளிப்பா? நானா? என் பொண்டாட்டி இந்த அறை வாசலைக்கூட மிதிக்க மாட்டா" என்றார் லின்வுட். அப்புறம் குரலைத் தாழ்த்தி, "வேர்த்திருக்குமோன்னு ஒரு நிமிஷம் எனக்கே சந்தேகமாயிடுச்சு, டீலி. டாக்டரைத் திரும்பக் கூப்பிட்டுப் பாக்கச் சொன்னேன். சிரிச்சிட்டுப் போனார்" என்றார்.

டீலி அடுப்பைப் பற்றவைத்தாள். சீப்பு காய்ந்ததும் ஒரு பழைய துணியில் வைத்துப் பார்த்தாள். துணி கருகாமல் மணத்தது. வேரிலிருந்து நுனிக்கு, வகிடு வகிடாக இழுத்தாள். புகைந்த எண்ணெயின் மணம் அறையில் பரவியது. அந்த மணத்தில்தான் அவள் வளர்ந்தாள். பிடரிக்கு வந்தபோது பழக்கத்தில் "காதைப் பிடிச்சுக்கோ" என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டாள். சொன்ன பிறகு சீப்பைத் திரும்ப அடுப்பில் வைத்துக் காய்ச்சினாள்.

மத்தியானம் மோபீலில் வழக்கம்போல மழை கொட்டியது.

அன்று சாயங்காலம் டெட்ராய்ட்டிலிருந்து அக்கா லவர்ன் வந்து இறங்கினாள். அக்கம்பக்கத்தார் கொண்டுவந்து வைத்த பொரித்த கோழியும் சர்க்கரைவள்ளிக் கிழங்குப் பணியாரமும் மேசை கொள்ளாமல் கிடந்தன. லவர்ன் அதில் கையைக்கூட வைக்காமல் உத்தரவுகளை ஆரம்பித்தாள். சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். வீடு தீப்பிடித்தாலும் முதலில் யார் எந்த வாசல் வழியாக ஓட வேண்டும் என்று ஒழுங்குபடுத்திவிட்டுத்தான் ஓடுவாள்.

"சுவத்துல இருக்கே, அந்த வெள்ளைச் சீருடைப் போட்டோ, அப்படியே இருக்கணும் அம்மா. ஒரு இழை தூக்கக் கூடாது. டெட்ராய்ட்லேர்ந்து என் கூட வேலை பாக்கறவங்கல்லாம் வர்றாங்க."

"முடி நிக்க மாட்டேங்குது, லவர்ன்."

"நிக்க மாட்டேங்குதா? ஏன்டி, ஊர்ல பாதிப் பேரோட தலைய நீதான் நேராக்கறே. பெத்தவ தலை மட்டும் உனக்கு அடங்க மாட்டேங்குதா?"

இந்த இடத்தில் டீலியின் தலையைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். எட்டு வயதில் அம்மா முதல்முதலாக, முடியை நேராக்குகிற வெள்ளை மருந்தைப் பூசினாள். எரிச்சலில் டீலி நாற்காலியிலிருந்து குதித்து ஓடினாள். அதற்கப்புறம் ஆறு வாரத்துக்கு ஒருமுறை தவறாமல் பூசிப் பூசி, முன்நெற்றி ஏறி, நடு உச்சி சன்னமாகி, இப்போது பல வருஷமாக விக்தான். பதினோரு வருஷம் கூட வாழ்ந்த கணவனே அவள் தலையைத் துணி இல்லாமல் பார்த்ததில்லை. அவன் விட்டுப் போனதுக்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம், யார் கண்டது. அம்மா படுத்ததிலிருந்து மருந்து பூச நேரம் கிடைக்கவில்லை. விக்குக்குக் கீழே புது முடி வளர்ந்துகொண்டிருந்தது. அதை அவள் பார்க்கவில்லை. குளிக்கும்போது விளக்கை அணைத்துவிடுவாள்.

வியாழக்கிழமை லின்வுட் போன் செய்யவில்லை. டீலியே போனாள். அவர் வாசலில் நின்றுகொண்டிருந்தார், ஏதோ அவருடைய தப்பு போல.

முடி திரும்பிப் போயிருந்தது. இந்தத் தடவை மழை வாசனை அடித்தது. மழை விட்ட பிறகு தெருவில் எழும்புகிற சூட்டு வாசனை, ஜன்னலே இல்லாத அந்தக் குளிர் அறைக்குள். டீலி சுருளைப் பிரித்தபோது விரலில் எதுவோ குத்தியது. எடுத்துப் பார்த்தாள். ஓக் மரத்து இலை. பச்சை, ஈரம்.

"என்னது?" என்றார் லின்வுட்.

"ஒண்ணுமில்ல." இலையைப் பையில் போட்டுக்கொண்டாள். ஏன் மறைத்தாள் என்று அவளுக்கே தெரியவில்லை. வகுப்பில் ஏதோ விஷமம் செய்த பிள்ளையை வாத்தியாரிடம் காட்டிக்கொடுக்காத மாதிரி இருந்தது.

மறுபடி காய்ச்சி, மறுபடி இழுத்தாள். இந்த முறை மெழுகு மாதிரிப் பூச்சு ஒன்றையும் தடவி, மேலே பட்டுத்துணி கட்டி, அதற்கு மேல் பிளாஸ்டிக் தொப்பியும் போட்டு முடிச்சுப் போட்டாள். வெளியே வந்து பேருந்து நிறுத்தத்தை நெருங்குவதற்குள் வானம் பிளந்துகொண்டது. விக்கின் மேல் பையைப் பிடித்துக்கொண்டு மூலையில் இருந்த தார்ப்பாய்க் கொட்டகைக்குள் ஓடினாள். அங்கே டீக்கன் க்ளோவிஸ், பெரிய பானையில் வேகவைத்த நிலக்கடலை விற்பவர், ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். தேவாலயத்தில் ஊழியம் செய்கிறவர், முதல் வரிசைக்காரர். வாழ்நாளில் ஒரு சொட்டுச் சாராயம் தொட்டதில்லை. கண்ணாடி போடாமல் பேப்பர் படிக்கிறவர்.

"வாம்மா, வா. நனையாதே" என்று இடம் விட்டார். "உங்க அக்கா டெட்ராய்ட் போய் ரொம்பத்தான் மாறிட்டா போல இருக்கே?"

"ஏன்?"

"நேத்து இந்த மழையில நடந்து போனாளே! தலையில ஒண்ணும் போடாம. நடு ரோட்டுல. அப்படியே உங்க அம்மாவ உரிச்சு வச்ச மாதிரி இருந்தா. குடை வேணுமான்னு கத்திக் கூப்பிட்டேன். திரும்பிப் பாத்துட்டுச் சிரிச்சா. எனக்கு என்னமோ மாதிரி ஆயிடுச்சு, டீலி. துக்க வீட்டுப் பொண்ணு அப்படிச் சிரிச்சு நான் பாத்ததில்ல."

லவர்ன் வந்தது சாயங்காலம். மழை பெய்தது மத்தியானம்.

"முடி எப்படி இருந்துச்சு?" என்றாள்.

"அதத்தான் சொல்ல வர்றேன். வெள்ளை வெளேர்னு, இவ்ளோ பெருசா" என்று இரண்டு கையையும் தலைக்குப் பக்கத்தில் விரித்துக் காட்டினார். "தண்ணி சொட்டச் சொட்ட. அங்க இப்ப இதான் ஃபேஷனா?"

டீலி கொட்டகை ஓரத்துக்கு நகர்ந்தாள். தெருவைப் பார்த்தாள். மழைத் திரைக்கு அப்பால் ஓக் மரங்கள் அசைந்துகொண்டிருந்தன. ஒரு மரத்துக்கு அடியில் யாரோ நிற்பது மாதிரியும் இருந்தது, மரத்தின் அடிப்பாகம் மாதிரியும் இருந்தது. அது மரம்தான் என்று முடிவு செய்தாள். அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது அடுத்த மரத்துக்குப் போனது.

வீட்டுக்கு வந்து லவர்னிடம் சொன்னாள். லவர்ன் தலை நிறைய முடி சுருட்டும் உருளைகளை மாட்டிக்கொண்டு, உலர்த்தும் இயந்திரத்துக்குக் கீழே உட்கார்ந்திருந்தாள். முழுக்கக் கேட்டாள்.

"க்ளோவிஸ் கடலையோட வேற எதையோ சேத்து வேகவைக்கிறான்" என்றாள். அப்புறம் கண்ணாடியில் தன் முகத்தைப் பார்த்தபடி, "சனிக்கிழமை வரைக்கும் யாருகிட்டயும் இத உளறாதே" என்றாள். அவள் குரலில் அதிகாரம் குறைந்திருந்தது.

வெள்ளிக்கிழமை டீலி தன் முடி அலங்காரக் கடையைத் திறக்கவில்லை. காலையிலேயே போய் முடியை மறுபடியும் இழுத்தாள். முந்தின நாள் கட்டிய பட்டுத்துணி முடிச்சு அவிழ்ந்திருக்கவே இல்லை. அவள் போட்டபடியே இருந்தது. உள்ளே முடி மட்டும் திரும்பிப் போயிருந்தது. இந்தத் தடவை வேலையை முடித்துவிட்டு அவள் போகவில்லை. நாற்காலியை இழுத்து மேசைக்குப் பக்கத்தில் போட்டு உட்கார்ந்துகொண்டாள்.

"நான் பாத்துக்கறேன். நீங்க போங்க" என்றாள்.

"நானும் இருக்கட்டுமா?"

"வேணாம்."

லின்வுட்டுக்குப் போக வேண்டும் என்றுதான் இருந்தது. போய்விட்டார்.

அம்மா அசையவில்லை. முகம் செவ்வாய்க்கிழமை இருந்ததுபோல இல்லை என்று டீலிக்குத் தோன்றியது. இழுத்துக்கொண்டிருந்த வாயின் ஒரு பக்கம் தளர்ந்து, யாரிடமோ எதையோ மறைத்து வைத்திருக்கிறவள்போல இருந்தது. டீலி அவள் கையைத் தொட்டுப் பார்த்தாள். கல்.

மத்தியானம் கூரையில் முதல் சொட்டு விழுந்த சத்தம் கேட்டது. அப்புறம் சேர்ந்து கொட்டியது. டீலி கண்ணை இமைக்காமல் பார்த்துக்கொண்டிருந்தாள். முதலில் பிடரி. அந்த இடத்து முடிக்கு அவர்கள் 'சமையலறை' என்று பெயர் வைத்திருந்தார்கள், எப்போதும் முதலில் திரும்பிப் போவது அதுதான். அது மெதுவாக உள்வாங்கியது. பின்பு காதோரம். யாரும் தொடாமல், காற்று இல்லாமல், இழைகள் ஒவ்வொன்றாகச் சுருண்டு வேரை நோக்கி ஏறின. நெற்றியில் ஒரு சொட்டு நீர் அரும்பி, கன்னத்தில் இறங்கி, காதுக்குள் போனது. டீலி துடைத்தாள். இன்னொரு சொட்டு வந்தது. அம்மா அங்கே படுத்திருந்தாள். அதே நேரத்தில் எங்கோ நனைந்துகொண்டிருந்தாள்.

டீலி பயந்து எழுந்தாள். சீப்பை எடுத்து அடுப்பில் வைத்தாள், பாதி காய்வதற்குள் எடுத்தாள். "அம்மா, நீதானே சொன்னே! நீதானே சொன்னே!" என்று கத்தினாள். "திரும்பிப் போக விடாதேன்னு என் கையப் பிடிச்சுக்கிட்டு—"

அங்கேயே நின்றுவிட்டது பேச்சு.

அம்மா அதைச் சொல்லவில்லை. ஆஸ்பத்திரியில் அந்தக் கோணல் வாயால் அம்மா சொன்னது "திரும்பிப் போக" மட்டும்தான். இரண்டு தடவை சொன்னாள். திரும்பிப் போக. திரும்பிப் போக. அதற்குமேல் நாக்கு எழவில்லை. 'விடாதே' என்று அதை முடித்துவைத்தவள் டீலி. அந்த வீட்டில் அந்தச் சொல் அப்படித்தான் முடியும். வேறு மாதிரி முடிந்து அவள் கேட்டதே இல்லை. அம்மா தன் தலைத்துணிக்குள் இழுத்துக்கொண்டு போன கை அந்த முடியின் மேல் எவ்வளவு நேரம் இருந்தது என்பதும், அம்மா கண்ணை மூடிக்கொண்டதும் இப்போதுதான் ஞாபகம் வந்தன.

எவ்வளவு பெரிய முட்டாள் நான் என்று டீலி நினைத்தாள். நான்கு தடவை அவளைச் சுட்டு இழுத்துக்கொண்டு வந்திருக்கிறேன்.

அடுப்பை அணைத்தாள். விரல்களை அந்த முடிக்குள் விட்டாள். இப்போதும் பயம் போகவில்லை, ஆனால் கையை எடுக்கவும் தோன்றவில்லை. அது மெத்தென்று, ஈரமாக, கனமாக இருந்தது. ஒரு சுருள் அவள் விரலைச் சுற்றிக்கொண்டது, கைக்குழந்தை பிடித்துக்கொள்கிற மாதிரி. கொஞ்சம் எண்ணெயைக் கையில் சூடாக்கித் தடவினாள். சீப்பில்லாமல், விரலாலேயே வடிவம் கொடுத்தாள். நெற்றிக்கு மேல் மடிப்பு வைக்கவில்லை. கூரையில் மழை நிற்கும்வரை அதைத் தொட்டுக்கொண்டே இருந்தாள்.

பிறகு, சுவரில் இருந்த கண்ணாடிக்கு முன்னால் போய், விளக்கை அணைக்காமல், விக்கைக் கழற்றினாள்.

பார்க்க நன்றாக இல்லை. நுனியில் எலிவால்களாகச் செத்துத் தொங்கின பழைய முடிகள். வேரில் ஒரு விரல்கடை உயரத்துக்கு வேறு ஒன்று இருந்தது. அடர்த்தியாக, கறுப்பும் நரையும் கலந்து. தொட்டுப் பார்த்தாள். அம்மாவின் முடியைத் தொட்ட கைக்கு அது புதிதாக இல்லை. கத்திரிக்கோலை எடுத்து எலிவால்களையெல்லாம் வெட்டினாள். வெட்டியதைக் கீழே விடாமல், பறவைக்குக் கிடைத்தால் தலைவலி வரும் என்று அம்மா சொன்னபடி, ஒரு தட்டில் போட்டுக் கொளுத்தினாள். எரிகிற நாற்றம் நெடுநேரம் இருந்தது.

வெளியே போகும்போது விக்கைத் திரும்ப மாட்டிக்கொண்டாள். அம்மாவுக்காகத் துணிந்தது தனக்காகத் துணியவில்லை. ஊர் பார்க்க அப்படி நடப்பதை நினைத்தாலே உடம்பு கூசியது.

சனிக்கிழமை வானத்தில் ஒரு பொட்டு மேகம் இல்லை. வெயில் கண்ணைக் குத்தியது. தேவாலயம் நிறைந்து, வெள்ளைக் கையுறைப் பெண்கள் நடைபாதையில் வரிசையாக நின்றார்கள். இருக்கைகளில் தொப்பிகள், சுருள்கள், மடிப்புகள்; அதில் பாதி டீலியின் கைவேலை. பெட்டி முன்னால் திறந்திருந்தது. குடும்பத்தாருக்குத்தான் முதல் பார்வை.

லவர்ன் நிமிர்ந்து நடந்துபோனாள். பெட்டிக்கு ஓர் அடி முன்னால் நின்றாள். கொஞ்ச நேரம் ஒன்றும் புரியாதவள்போல உள்ளே பார்த்தாள்.

"மூடச் சொல்லு" என்றாள்.

லின்வுட் டீலியைப் பார்த்தார். அவருடைய கை மூடியின் மேல் இருந்தது.

"மூடாதீங்க" என்றாள் டீலி.

"ஊரைக் கூட்டி அம்மாவ அசிங்கப்படுத்திட்டியேடி." லவர்ன் பல்லைக் கடித்துக்கொண்டு பேசினாள். ஆனாலும் முதல் மூன்று வரிசைக்குக் கேட்டது. "ஆஸ்பத்திரியிலகூடத் துணி கட்டாம ஒருத்தரை உள்ள விடாதவ அவ. இப்படியா படுக்க வைப்பே? இது அம்மாவே இல்ல."

"நீ அம்மாவப் பாத்ததே இல்ல, லவர்ன். நானும் பாத்ததில்ல."

"உனக்குப் பைத்தியம் பிடிச்சிருக்கு. லின்வுட், மூடுங்க."

மூடி அசைந்தது. அந்த நேரத்தில் டீலிக்கு யோசிக்க ஒன்றும் இல்லை. மூடிவிட்டால் அவ்வளவுதான்; அம்மாவை அப்படியே, பார்க்கக் கூடாத ஒன்றாக, மண்ணுக்குள் இறக்கிவிடுவார்கள். அவள் கையைத் தூக்கி விக்கைப் பிடித்து இழுத்தாள். பின்கள் பிய்த்துக்கொண்டு வந்தன. தேவாலயம் முழுக்க ஒரே மூச்சாக உள்ளிழுத்தது. யாரோ ஒருத்தி, "ஏசுவே!" என்றாள், அது டீலியிடம் வெள்ளிக்கிழமைதோறும் வருகிறவளின் குரல்.

"அப்ப நானும் உன் தங்கச்சி இல்லன்னு சொல்லு" என்றாள் டீலி. குட்டை முடியில் காற்று பட்டது. "நல்லாப் பாத்துட்டுச் சொல்லு."

லவர்ன் பார்த்தாள். டீலியின் தலையைப் பார்த்தாள், பெட்டிக்குள் பார்த்தாள். நெற்றியில் முடி தொடங்குகிற அதே வளைவு, உச்சியில் இடப்பக்கம் சுழிக்கிற அதே சுழி.

அப்போதுதான் அந்த வாசனை வந்தது. எல்லோருக்கும் வந்தது. சூடான தெருவில் முதல் மழை விழுகிற வாசனை, பெட்டியிலிருந்து எழுந்து வரிசை வரிசையாகப் பின்னால் பரவியது. ஜன்னல்களில் வெயில் அப்படியே இருந்தது. ஒருத்தியின் கை தலைக்குப் போனது, பக்கத்திலிருந்தவளின் கையும் போனது. கண்மூடித் திறப்பதற்குள் தேவாலயத்தில் இருந்த அத்தனை பெண்களும் இரண்டு கையாலும் தங்கள் தலையைப் பொத்திக்கொண்டிருந்தார்கள். சிலர் கைப்பையைத் திறந்து பிளாஸ்டிக் தொப்பியைத் தேடினார்கள். வெள்ளைக் கையுறைகள்கூட வரிசையாகத் தலைமேல் ஏறின. யாரும் யாரையும் பார்க்கவில்லை. ஆண்கள் ஒன்றும் புரியாமல் கூரையை அண்ணாந்து பார்த்தார்கள்.

டீலியின் கை மட்டும் எழவில்லை.

லவர்னின் கையும் தன் தலைக்குப் பாதி வழி போயிருந்தது. அது அந்தரத்தில் நின்றது. அவள் அதைத் தன்னுடையது இல்லாததுபோலப் பார்த்தாள். பிறகு மெதுவாக இறக்கி, பெட்டிக்குள், அம்மாவின் வெள்ளை முடியின் மேல் வைத்தாள். விரல்கள் உள்ளே போயின. எடுத்தபோது நுனிகளில் தண்ணீர் சொட்டியது.

"நனைஞ்சிருக்கு" என்றாள், சின்னக் குரலில்.

"ஆமா."

"க்ளோவிஸ் பாத்தது..." லவர்ன் ஈர விரல்களைப் பார்த்தாள். "சிரிச்சாளா? நிஜமா?"

"சிரிச்சாளாம். கூப்பிட்டதுக்குத் திரும்பிப் பாத்துச் சிரிச்சாளாம்."

லவர்னின் உதடு துடித்தது. அவ்வளவு பெரிய பெண், இரண்டு பிள்ளைகளைக் கட்டிக்கொடுத்தவள், பெட்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு ஐந்து வயதுக் குழந்தைபோல முகத்தைக் கோணிக்கொண்டாள்.

"நம்மள ஒரு நாள், ஒரே ஒரு நாள், வாசல்ல இறங்கி நனைய விட்டிருப்பாளா? ஜன்னல்கிட்டகூட நிக்க விட மாட்டா. இப்ப நம்மள விட்டுட்டுத் தனியாப் போயிருக்கா பாரு!"

டீலி அவள் தோளைப் பிடித்துக்கொண்டாள். அவளுக்கும் அதே கோபம்தான் இருந்தது.